மஞ்சள் தாள்கள்

கோடையில் ஹாக்கெட் துறைக்குக் கார் ஓட்டிக்கொண்டு வருகிற பட்டணத்துக்காரர்களில் பாதிப்பேர் பசுவைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். பசு செத்துப் பதினெட்டு வருஷமாகிறது. ஆனாலும் கேட்பார்கள். பின்சீட்டிலிருந்து இறங்குகிற குழந்தை கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஹாலிஸ் ஸ்ப்ராக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே துடுப்புப் போட்டவர் என்று விசாரிக்கும். ஆமாம் என்பான் ஹாலிஸ். டார்கஸ் பசு எங்கே என்று கேட்டால், ஆட்டுத் தீவில் மேய்ந்துகொண்டிருக்கிறது என்று கூசாமல் சொல்வான். குழந்தையிடம் போய்ச் செத்துவிட்டது என்றா சொல்ல முடியும்? பிறகு அவர்கள் அவனைப் படகோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவன் அறுபத்து நாலு வயசு வரை பிடித்த சிங்கி இறாலைப் பற்றி ஒரு ஆளும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

அந்தப் பசுவைப் புத்தகத்தில் ஏற்றியவள் அவன் மனைவி லியோனா. ஓவியம் படிக்கிற பெண்ணாக ஒரு கோடையில் துறைக்கு வந்தவள், அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணமாகி நாலாம் வருஷம், பசுவைத் தீவு மேய்ச்சலுக்கு விட ஹாலிஸ் அதைத் துடுப்புப் படகில் ஏற்றினான். பாதி வழி சாதுவாக நின்ற பசு, திடீரென்று என்ன நினைத்ததோ, கடலில் குதித்துவிட்டது. ஒரு கையில் கொம்புக் கயிறும் ஒரு கையில் துடுப்புமாக அவன் பட்ட பாட்டைக் கரையில் நின்று பார்த்து வயிறு நோகச் சிரித்தவள், வீட்டுக்கு ஓடிப்போய் வரைய உட்கார்ந்தாள். பதினாறு படம். 'டார்கஸ் தீவுக்குப் போகிறாள்' என்று பெயர். அச்சகத்திலேயே மூன்று வாரம் நின்று, துத்தநாகத் தகட்டின்மேல் தன் கையாலேயே மெழுகுப் பென்சிலால் வரைந்து கொடுத்தாள். குழந்தைகள் புத்தகத்துக்கான அந்த வருஷத்துப் பதக்கம் கிடைத்தது. இருபத்தைந்து வருஷம் அச்சில் இல்லாத நாளே இல்லை.

அதற்கப்புறம் ஐந்து புத்தகம் செய்தாள். ஐஸ் இழுக்கிற குதிரை, இரண்டு வாத்து, கலங்கரை விளக்கத்துக்காரனின் சலவை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் உழைத்தாள். ஐந்தும் போன இடம் தெரியவில்லை. ஆறாவதைப் பதிப்பகத்து மிஸ் ஆக்டன் ரொம்ப அன்பாக எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்பாக எழுதுகிறவர்களிடம் சண்டை போடவும் முடியாது. குழந்தைகள் எழுதுகிற கடிதமெல்லாம் பசுவுக்குத்தான் வந்தது. லியோனா ஒன்றுவிடாமல் பதில் எழுதுவாள், ஓரத்தில் குட்டியாக ஒரு பசு வரைந்து.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு ஜனவரியில் மிஸ் ஆக்டனிடமிருந்து கடிதம் வந்தது. பழைய தகடுகள் தேய்ந்துபோய், அச்சகம் அவற்றைச் சுரண்டி வழித்துவிட்டது. இருபத்தைந்தாம் வருஷத்துக்குப் புதுப் பதிப்பு போட வேண்டுமானால் பதினாறு படத்தையும் புதிதாக வரைந்தாக வேண்டும். ஜூன் கடைசிக்குள் வேண்டும். சிரமமாக இருந்தால் இங்கே கைத்தேர்ச்சியான இளைஞன் ஒருவன் இருக்கிறான், பழைய புத்தகத்தைப் பார்த்து அவனே வரைந்துவிடுவான் என்று கடைசியில் ஒரு வரி.

லியோனா அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். "அந்தப் பொடியன் பசுவை எங்க பார்த்திருக்கப் போறான்? பால் பாட்டில்லயா?" என்றாள். எனக்கென்று இருப்பது அந்த ஒன்றுதான், அதையும் இன்னொருத்தன் கைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள்.

அந்த வேலை எப்படியென்றால், ஒரு படத்துக்குக் கண்ணாடி போன்ற தாள் நாலு. கறுப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. எந்த நிறமானாலும் வரைவது கறுப்பு மெழுகுப் பென்சிலால்தான். நீலத் தாளில் நீலம் இருக்காது. நீலம் எங்கெங்கே விழ வேண்டுமோ அங்கெல்லாம் கறுப்பு இருக்கும். அச்சகத்துக்காரன் ஒவ்வொரு தாளையும் அதனதன் மையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடிக்கும்போதுதான் புல் பச்சையாகும், பசு பழுப்பாகும். அதுவரை நிறம் முழுக்க வரைகிறவள் மண்டைக்குள்தான் இருக்கும். எந்தத் தாள் எது என்று மறக்காமலிருக்க மூலையில் ஒரு எழுத்து. பதினாறு நாலு அறுபத்து நாலு தாள். இறால் பிடிக்கிற கூண்டைக் கணக்கு வைப்பது போலத்தான் என்று ஹாலிஸ் மனசில் வைத்துக்கொண்டான்.

மார்ச் முழுக்கத் துறையில் சேறு. வண்டிச் சக்கரம் அச்சு வரை புதைந்தது. அடுப்பங்கரையில் மேசையின் ஒரு பக்கம் லியோனா வரைவாள், மறுபக்கம் ஹாலிஸ் கூண்டின் வாய்க்கு வலை பின்னுவான். அடுப்பில் பன்றிக்கொழுப்பும் உருளைக்கிழங்கும் போட்ட மீன் சூப் பாலில் கொதித்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை என்றால் வெல்லப்பாகு ஊற்றிய பீன்ஸ் காலையிலிருந்தே வேகும். வெளியே மழை கல்லை அறைந்துகொண்டிருந்தாலும் அந்த மேசையில் ஒரு குறையும் இல்லை என்றுதான் வந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

குறை சூப்பிலிருந்தே தெரிந்தது. உப்பை இரண்டு தடவை போடுவாள், சில நாள் போடவே மாட்டாள். ஒருநாள் பிஸ்கட்டில் சோடாவுக்குப் பதில் சலவைப் பொடி விழுந்துவிட்டது. ஹாலிஸ் ஒரு கடி கடித்துவிட்டு, என் குடல் வெளுத்துப் பளபளவென்று ஆகிவிட்டது என்றான். அவளும் சிரித்தாள். இரையைப் படகில் ஏற்றிவிட்டாயா என்று காலையில் மூன்று தடவை கேட்பாள். மூன்று தடவையும் ஏற்றிவிட்டேன் என்பான். முந்தின நவம்பரிலேயே மாவட்ட டாக்டரிடம் முழங்கால் வலிக்கு என்று சொல்லி அவளைக் கூட்டிப்போயிருந்தான். டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மறதி போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது, மருந்தும் இல்லை என்று சொன்னார். ஹாலிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, உன் முழங்காலுக்கு வயசாகிவிட்டதாம் என்று அவளிடம் சொன்னான். அதற்குமேல் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் கை மறக்கவில்லை. அதுதான் அதிசயம். தேதி தெரியாது, கிழமை தெரியாது, ஆனால் பென்சிலைப் பிடித்தால் கோடு சாட்டை மாதிரி போகும். கறுப்பு பதினாறும் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்தன. நீலம் முடிந்தது. மே பாதியில் சிவப்பும் முடிந்தது. இந்த ஒன்றை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் எது வந்தாலும் வரட்டும் என்று ஹாலிஸ் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

அஞ்சலகத்து ஐனா பெட்டிகுரூ பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குப் பழக்கம். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். பாதிரியாரும் கண்ணு, நண்டு வியாபாரியும் கண்ணு. மே மாதக் கடைசியில் ஒருநாள் அவள் ஒரு தபால் கார்டை மேசைமேல் தள்ளினாள்.

"கண்ணு, ஒஹாயோவுல ஒரு பொண்ணு இருக்கே, பசுவுக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டுச்சே. அதுக்கு லியோனா எழுதற நாலாவது பதில் இது. நாலு வாரத்துல நாலு."

"அந்தப் பொண்ணு மேல அவளுக்குப் பிரியம்."

"நாலுலயும் ஒரே வரிதான். கார்டுல எழுதினா நான் படிக்காம இருப்பேனா?"

ஹாலிஸ் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஐனா மேலே தோண்டவில்லை. புதன்கிழமை மத்தியானம் லியோனாவைத் தேவாலயத்துப் பெண்களின் ஒட்டுப்போர்வைத் தையலுக்கு நான் கூட்டிப்போகிறேன், நீ கொஞ்சம் காலை நீட்டு என்று மட்டும் சொன்னாள்.

அந்த முதல் புதன்கிழமைதான் அவன் மஞ்சள் தாள்களைப் பார்த்தான். சும்மா எத்தனை முடிந்திருக்கிறது என்று எண்ணத்தான் உறையைத் திறந்தான். மஞ்சள் என்றால் விளக்கு, மழைக்குப் போடுகிற எண்ணெய்த்துணிச் சட்டை, புல், பசுவின் உடம்பு. இருபத்தைந்து வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்த அளவு தெரியும். மேலே இருந்த தாளைச் சன்னலில் வைத்துப் பார்த்தால் அதில் கடல் இருந்தது. அலை அலையாக, அவ்வளவு அழகான கடல். அடுத்ததிலும் கடல். மூலையில் அவள் கையெழுத்தில் மஞ்சளுக்கான எழுத்து தெளிவாக இருந்தது. பத்துத் தாள் வரைந்திருந்தாள், பத்தும் நீலம். ஏற்கெனவே முடித்த நீலத்தையே, ஒரு கோடு பிசகாமல், மறுபடி வரைந்திருந்தாள்.

ஹாலிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவளிடம் சொன்னால் என்ன ஆகும்? சிரிப்பாள், ஐயோ என்பாள், உட்கார்ந்து மறுபடி வரைவாள். வரைவது எதுவாக இருக்கும் என்று யார் கண்டது? மிஸ் ஆக்டனுக்கு எழுதினால் அந்தப் பொடியன் வந்துவிடுவான். ஜூன் முடிய நாலு வாரம் இருந்தது.

அப்படித்தான் அந்த வேலையில் அவன் கை வைத்தான். மஞ்சள்தானே, அதில் முகம் இல்லை, கண் இல்லை, எங்கே நிரப்ப வேண்டுமோ அங்கே நிரப்பினால் போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பெட்டியில் உபரித் தாள் இருந்தது. கறுப்புத் தாளைக் கீழே வைத்து, பழைய புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து, லென்ஸால் மஞ்சள் இருக்கிற இடத்தையெல்லாம் தேடித் தேடிப் பார்த்து, இரை பீப்பாய்களுக்கு நடுவே கொட்டகையில் உட்கார்ந்து வரைந்தான். வருஷா வருஷம் முந்நூறு கூண்டு மிதவைக்குப் பட்டை பிசகாமல் பெயின்ட் அடிக்கிற கை. ஓரம் தாண்டாது. ஜூனில் பத்து நாள் கட்டியாக மூடுபனி வந்ததும் அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று. மூடுபனி விலகின நாளிலும் அவன் கடலுக்குப் போகவில்லை. கூண்டுக்குள் இறால் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தது. கப்பல்துறையில் மற்றவர்கள், பசுக்காரன் இனிமேல் பால் கறந்துதான் பிழைக்கப்போகிறான் என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டான்.

அவன் உறையைக் கொட்டகைக்கு எடுத்துப்போன மறுநாளே, மஞ்சள் முடிந்ததா என்று லியோனா கேட்டாள். முடித்து உறையில் வைத்தாயே என்றான். எனக்கு வரைந்த ஞாபகமே இல்லையே என்றாள் அவள். நேற்றுச் சாப்பிட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவன் கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஜூன் இருபத்தேழாம் தேதி அறுபத்து நாலு தாளும் போயின. லியோனா வரைந்த பத்துக் கடலையும் எரிக்க மனசு வராமல் உப்பு மூட்டைக்குப் பின்னால் சொருகிவைத்தான்.

ஆகஸ்டு நடுவில் அச்சடித்த சோதனைப் படிகள் வந்தன. கூடவே மிஸ் ஆக்டன் கடிதம். தாள்களைப் பிரித்ததும் அலுவலகம் முழுக்க ஒரே மீன் வாசனையாம், எல்லோரும் கடலுக்குப் போய் வந்த மாதிரி சந்தோஷப்பட்டார்களாம். படங்கள் பழையதைவிடத் தெளிவாம். குறிப்பாக மஞ்சள் துணிச்சலாகவும் இளமையாகவும் இருக்கிறதாம். இப்படியே அச்சுக்கு அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதுமாம். ஹாலிஸ் அதை வாய்விட்டுப் படித்தான். தப்பித்தோம் என்று மூச்சை விட்டான். நியூயார்க் பதிப்பகத்தில் அத்தனை பேர் கண்ணிலும் படவில்லை.

லியோனா முதல் படியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல நாள். கிழமை வியாழன் என்று காலையில் அவளேதான் சொல்லியிருந்தாள். அடுத்ததை எடுத்தாள். நாலாவதில் பசுவின்மேல் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"இந்த மஞ்சள் யார் போட்டது?"

"யார் போடுவா? நீதான்."

"நான் பசுமேல இப்படி மொழுக மாட்டேன் ஹாலிஸ். மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கம்தான் கோடு போகும். அப்பதான் அது உயிரோட இருக்கும். இது மிதவைக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு."

சொல்லி முடித்ததும் அவளே அவன் பக்கம் திரும்பினாள். அவன் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளிடம் எதை மறைக்க முடியும்?

"நான் போட்டதை எங்க வச்சிருக்கே? எடுத்துட்டு வா."

அவன் கொட்டகைக்குப் போய் எடுத்து வந்தான். அவள் அவற்றை ஒவ்வொன்றாகச் சன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். வெளியே இருந்த கடலை மறைத்துக்கொண்டு பத்துக் கடல் வரிசையாக நின்றது. பத்துமா என்று கேட்டாள். பத்தும் என்றான். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். இனி என்ன இருக்கிறது என்று ஹாலிஸ் எல்லாவற்றையும் சொன்னான். சலவைப் பொடியை, ஒஹாயோப் பெண்ணை, டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை, முழங்கால் என்று தான் புளுகியதை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போயிற்று. அவளுக்கு உதவி செய்கிறேன் என்று தான் போட்ட மஞ்சளே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று ஹாலிஸ் நினைத்துக்கொண்டான்.

அவள் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். எழுதி முடித்து அவனிடம் நீட்டினாள். மஞ்சள் என் வீட்டுக்காரருடையது, அது சரிப்படாது என்று எழுதியிருந்தது. இனி என்னால் முடியாது, டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு படத்தில் இரண்டு கை கலக்கக் கூடாது, அதனால் என்னுடையதையும் தூக்கிப்போட்டுவிட்டுப் பதினாறையும் நாலு நிறத்திலும் உங்கள் இளைஞனே வரையட்டும். அவன் பெயரையும் போடுங்கள். பசுவின் மயிர் தோளிலிருந்து வால் பக்கமாகப் படுத்திருக்கும், வயிற்றில் மட்டும் கீழ்நோக்கி இருக்கும் என்று அவனிடம் சொல்லுங்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

ஹாலிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று நிறம் உன்னுடையதுதானே, நாலில் மூன்று என்றான். ஒருத்தர் கண்டுபிடித்தார்களா என்றான். எனக்காவது விட்டுக்கொடுக்கக் கூடாதா, ஜூன் மாதம் முழுக்கக் கூண்டை அழுகவிட்டு உட்கார்ந்தேனே என்று அதுவரை சொல்லாததையும் சொன்னான்.

"யாருக்கும் தெரியல லியோனா."

"எனக்குத் தெரியுதே."

"நாளைக்கு உனக்கும் தெரியாது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? அவள் உறையை நக்கி ஒட்டி, முகவரி எழுதி அவன் கையில் வைத்தாள்.

"அதனாலதான் இன்னிக்கே எழுதினேன். ரெண்டு மணி தபால் வண்டியில போட்டுட்டு வா."

அஞ்சலகத்துக்கு அரை மைல். வெயில் பாறையில் பட்டு எரித்தது, அவுரிநெல்லிப் பழம் பறிக்கிற பெண்கள் மேட்டில் குனிந்திருந்தார்கள். ஹாலிஸ் பாதி வழியில் நின்றான். இதை இந்த வேலியோரம் கிழித்துப் போட்டுவிட்டு, சரி, அச்சுக்கு அனுப்புங்கள் என்று தானே ஒரு கார்டு எழுதினால் முடிந்தது. நாளைக் காலையில் அவளுக்கு இந்தக் கடிதமே நினைவிருக்காது. புத்தகம் வரும். அவள் பெயர் இருக்கும், முக்கால்வாசி அவள் கையும் இருக்கும். ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. அவன் உறையை ஓரத்தில் கொஞ்சம் கிழிக்கக்கூடச் செய்தான். ஆனால் அவள் தெளிந்த மனசோடு தன்னிடம் கேட்ட கடைசிக் காரியம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இதில் அவளை ஏமாற்றிவிட்டு, மிச்ச நாளெல்லாம் அந்தப் புத்தகத்தை எப்படி முகத்துக்கு நேரே பார்ப்பது?

ஐனா முகவரியைப் படித்தாள், கிழிந்த ஓரத்தைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பசைத்தாளை எடுத்து அந்த ஓரத்தை ஒட்டினாள்.

"போட்டுடவா கண்ணு?"

"போட்டுடு."

தபால் பையைக் கட்டுகிறவரை நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

கதவைத் திறந்தபோது லியோனா மேசையில் இருந்தாள். சோதனைப் படிகளை ஒழுங்காக அடுக்கி, பாத்திரம் துடைக்கிற துணிக்கு அடியில் வைத்திருந்தாள். சன்னலில் நின்ற பத்துத் தாளும் கீழே இறங்கியிருந்தன. பெட்டியிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து நாலு மூலையிலும் ஒட்டியிருந்தாள். மூலையில் கறுப்புக்கான எழுத்து. முதல் படத்தின் கப்பல்துறை பாதி வந்திருந்தது. கோடு தெளிவாக, துளிகூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க போயிட்டே?" என்றாள் தலை நிமிராமல். "சூப் ஆறிப்போச்சு. வெயில் இந்தப் போடு போடுது, இன்னும் மார்ச்சுதான்."

அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். வெளியே தபால் வண்டி வீட்டைத் தாண்டி மேட்டில் உறுமிக்கொண்டு ஏறிற்று.

"ஜூனுக்குள்ள முடிச்சிடணும் ஹாலிஸ்" என்றாள் லியோனா. "இல்லேன்னா அந்தப் பொடியன்கிட்ட குடுத்துடுவாங்க. நான் விடவே மாட்டேன்."

"விடாதே" என்றான் ஹாலிஸ்.